தும்பையும் அதன் பங்காளிகளும்: பெங்களூரில் இனம் பிரித்து அறிவது எப்படி

வெளுத்த வேட்டிக்கும் வடித்த சோற்றுக்கும் ‘தும்பைப் பூ மாதிரி’ என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். அந்தச் செடியை ஏரிக்கரையில் காட்டச் சொன்னால் மட்டும் கை தடுமாறும். வெள்ளையாகப் பூத்த எதுவும் தும்பையாகத் தெரியும். தும்பை இனத்துக்குள்ளேயே நான்கைந்து செடிகள் ஒரே வெள்ளைப் பூவோடு நிற்பதால் குழப்பம் இன்னும் கூடும். பூவை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இவற்றைப் பிரிக்க முடியாது. பிரித்துக் காட்டுவது பூவுக்கு அடியில் இருக்கும் பச்சைக் குழல், அதாவது புல்லிவட்டம். குறிப்பாக அதன் வாய். அதைப் பார்க்கக் கண் பழகிவிட்டால் மீதி எல்லாம் எளிது.

பெயரை நம்பி இறங்க வேண்டாம்

தும்பை என்று முடியும் பெயர் கொண்டதெல்லாம் தும்பை ஆகாது. தொட்டியில் வளர்க்கும் காசித்தும்பை வேறு குடும்பம். அதன் பூவுக்குப் பின்னால் ஒரு வால் நீட்டிக்கொண்டிருக்கும், முற்றிய காயைத் தொட்டால் வெடித்துச் சுருளும். கவிழ்தும்பை இன்னும் ஏமாற்றும். வெளிறிய நீலத்தில் ஐந்து இதழ் விரித்துத் தலை கவிழ்ந்து பூக்கும். செடி முழுதும் சுணையாக இருக்கும். அடி இலைகள் ஜோடியாக நிற்கும். காயிலும் நான்கு சிறு கொட்டைகள் உண்டு. இந்த இரண்டு அடையாளமும் துளசிக் குடும்பத்துக்கும் பொதுவானவை என்பதால் பலர் இங்கே சறுக்குவார்கள். மேல் இலைகளைப் பாருங்கள்: கவிழ்தும்பையில் அவை ஜோடி கலைந்து மாறி மாறி நிற்கும். பூவிலும் மேலுதடு கீழுதடு கிடையாது.

பேய்த்தும்பை, பெருந்தும்பை, மலைத்தும்பை போன்ற பெயர்களை ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு செடிக்குச் சூட்டியிருக்கிறது. எனவே இங்கே தும்பை என்று சொல்வது லூகஸ் ஆஸ்பெரா என்ற ஒரே செடியை. லூகஸ் என்றால் கிரேக்கத்தில் வெள்ளை. ஆஸ்பெரா என்றால் லத்தீனில் சொரசொரப்பானது. இந்த இரண்டாவது சொல் பின்னால் வேலைக்கு வரும். கன்னடத்தில் இது தும்பெ. சிவராத்திரிக்குப் பூ விற்பவரிடம் ‘தும்பெ ஹூவு’ என்று கேட்டால் புரியும். ஆனால் உதிரிப் பூவாக வாங்கினால் அதை வைத்து இனம் சொல்ல வழியில்லை. புல்லிவட்டம் செடியிலேயே தங்கியிருக்கும், கையில் இருப்பது வெறும் அல்லி, அதாவது வெள்ளை இதழ்ப் பகுதி.

எப்போது, எங்கே

மழை பிடித்த பிறகு செடி தழைக்கும். ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை தேடிப் போக நல்ல காலம். அதற்குப் பின்னும் ஈரம் தங்கும் இடங்களில் பூ இருக்கும். ஏரிக்கரை, தண்டவாளத்து ஓரம், ஹெசரகட்டா, ஹொசகோட்டே, சர்ஜாபுரப் பக்கத்து ராகிக் கொல்லை வரப்பு, தரிசு, வீடு கட்டாமல் கிடக்கும் சைட், துரஹள்ளி போன்ற பாறைக் குறுங்காட்டின் விளிம்பு எல்லாம் பார்க்கத் தகுந்தவை. காட்டுத் துறை நிலத்திலும் லால்பாக்கிலும் எதையும் பறிக்காதீர்கள். அங்கே படம் மட்டும் போதும்.

காலி சைட்டில் கால் வைக்கும் முன் பார்த்தீனியம் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். அது பட்டால் தோலில் அரிப்பும் தடிப்பும் வருகிறவர்கள் முழுக்கைச் சட்டையும் கையுறையும் போடாமல் இறங்க வேண்டாம்.

கொண்டுபோக வேண்டியவை: நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ், ஒரு குண்டூசி, ஒரு சிறு பிளேடு, கறுப்பு அல்லது கருநீலத் துணித்துண்டு, அளவுகோல். அளவுகோல் மறந்துவிட்டால் பத்து ரூபாய் நாணயம் போதும். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர். மற்ற நாணயங்கள் வேண்டாம். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாயெல்லாம் வருடத்துக்கு ஏற்ப அளவு மாறியிருக்கின்றன.

முதலில் குடும்பத்தை உறுதி செய்யுங்கள்

தண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டுங்கள். நான்கு விளிம்பும் விரலில் தட்ட வேண்டும். நுனியிலிருந்து இரண்டு மூன்று கணு கீழே உருட்டுவது நல்லது. அடித்தண்டு முற்றி உருண்டையாகியிருக்கும், அதைத் தொட்டுவிட்டு சதுரம் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது.

அடுத்து செடியை நேர் மேலே நின்று பாருங்கள். இலைகள் ஜோடி ஜோடியாக, ஒரு ஜோடிக்கு அடுத்த ஜோடி குறுக்காக, கூட்டல் குறி போல அடுக்கியிருக்கும்.

சதுரத் தண்டும் ஜோடி இலையும் மட்டும் போதாது. பெங்களூரில் இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு வேறு குடும்பத்துச் செடிகள் நிறையவே நிற்கின்றன. உன்னிச்செடி, நிலவேம்பு, நத்தைச்சூரி எல்லாம் அந்த வகை. அதனால் மூன்றாவது சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். பூத்திருக்கும் ஒரு பூவின் வெள்ளைப் பகுதியை மெல்ல இழுங்கள். தும்பையில் அது முழுதாக வழுக்கிக்கொண்டு வரும். அடியில் தேன் துளி இருக்கும், சிறுவயதில் உறிஞ்சியது அதுதான். சாலையோரப் பூவை இன்று உறிஞ்ச வேண்டாம். மிஞ்சிய பச்சைக் குழலைப் பிளேடால் நீளவாக்கில் கீறி, அடித்தளத்தை லென்ஸில் பாருங்கள். நான்கு சிறு மொட்டுப் புடைப்புகள் வட்டமாக உட்கார்ந்திருக்கும். அவற்றின் நடுப் பள்ளத்திலிருந்து சூலகத்தண்டு எழும். இந்த நான்கும் முற்றி நான்கு சிறு கொட்டைகளாகும். இது இருந்தால், பூவும் ஈருதடாக இருந்தால், துளசிக் குடும்பம் என்று எழுதிக்கொள்ளலாம்.

நொச்சியும் தேக்கும்கூட இப்போது இதே குடும்பத்தில்தான் வைக்கப்படுகின்றன. அவற்றின் காய் சதைப்பற்றாகவோ கெட்டியாகவோ இருக்கும், இப்படி நான்காகப் பிரிந்து உதிராது. ஆகவே நான்கு கொட்டைச் சோதனை சிறுசெடி வகைகளுக்கு. மரத்திடம் போட்டுப் பார்க்காதீர்கள்.

போலிகளை விலக்கும் வழியும் இங்கேயே சொல்லிவிடலாம். அதிகம் ஏமாற்றுவது நத்தைச்சூரி. கணுவில் வளையமாக வெளிறிய சிறு பூக்கள், சதுரத் தண்டு, ஜோடி இலை என்று தூரத்தில் அசல் தும்பைக் குட்டி போலவே இருக்கும். அதன் இரண்டு இலைகளின் அடிக்கு நடுவே, தண்டை ஒட்டி மயிர் போன்ற முட்கள் வரிசையாக நிற்கும் ஒரு சவ்வு இருக்கும். தும்பையில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். நத்தைச்சூரிப் பூ நான்கு சம இதழ் விரிக்கும், உதடு கிடையாது. உன்னிச்செடியில் பூக்கள் குடை போலத் தட்டையாகக் கூடி நிற்கும், பழுத்தால் கறுத்த சதைக்கனி வரும். நிலவேம்பில் காய் நீண்டு ஒல்லியாக இருந்து உலர்ந்து வெடிக்கும். ஒரு காய் கண்ணில் பட்டாலே போதும், சந்தேகம் தீரும்.

குடும்பத்துக்குள் தும்பைக் கூட்டத்தைப் பிடிப்பது

துளசிக் குடும்பத்தில் வெள்ளையாகப் பூக்கும் சிறுசெடிகளில் தும்பையோடு அதிகம் குழப்புவது நாய்த்துளசி. கசக்கினால் வரும் வாசனையை வைத்தே பலர் பிரித்துவிடுவார்கள். சளி பிடித்தவருக்கு அது உதவாது. நம்பகமான வழி பூவின் உதடு. துளசி வகையில் மேலுதடு நான்காகப் பிளந்து, கீழுதடு ஒற்றையாக இருக்கும். மகரந்தத்தாள்கள் அந்தக் கீழுதட்டின் மேல் சாய்ந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தும்பையில் எல்லாம் தலைகீழ். மேலுதடு பிளவில்லாமல் முக்காடு போலக் கவிந்து, அடர்ந்த வெள்ளைப் பஞ்சு மயிர் போர்த்தியிருக்கும். கீழுதடு மேலுதட்டைப் போல இரண்டு மடங்கு நீளம். மூன்று மடல், நடு மடல் அகன்று வட்டமாக இருக்கும், பக்க மடல் இரண்டும் சிறியவை. மகரந்தத்தாள் நான்கு, இரண்டு நெட்டை இரண்டு குட்டை. அவை முக்காட்டுக்குள் ஒளிந்திருக்கும். குண்டூசியால் முக்காட்டைத் தூக்கிப் பார்த்தால் தெரியும்.

ஆளுயரம் வளர்ந்து, கணுவுக்குக் கணு முள்ளுருண்டை கட்டி, அதில் ஆரஞ்சு நிறத்தில் வெல்வெட்டுக் குழல் நீட்டும் செடி இதே குடும்பத்து லியோனோட்டிஸ். பூ இருக்கும்போது யாரும் குழம்ப மாட்டார்கள். காய்ந்த பிறகு பெரிய தும்பை என்று எண்ணிவிடுகிறார்கள். உருண்டையைத் தொட்டால் விரலில் குத்தும், உருண்டைகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியும் செடியின் உயரமும் தும்பையை விடப் பல மடங்கு. பேய்மிரட்டியில் பூ வெளிர் ஊதா, இலை தடித்து வெல்வெட்டு போலிருக்கும். வேலியோரம் அடர்ந்து நின்று காட்டமாக வாசம் வீசும் ஹிப்டிஸ் அமெரிக்காவிலிருந்து வந்த களை. அதன் பூ நீலம் கலந்த ஊதா.

வெள்ளை முக்காடு, பஞ்சு மயிர், நீண்ட கீழுதடு, புல்லிவட்டத்தில் பத்து நரம்பு, விளிம்பில் ஆறு முதல் பத்துப் பல் என்று அமைந்துவிட்டால் அது லூகஸ் கூட்டம். எந்த லூகஸ் என்பதில்தான் உண்மையான வேலை இருக்கிறது.

புல்லிவாயைப் படிப்பது

எந்தப் புல்லிவட்டத்தை எடுப்பது என்பதிலேயே பாதிப் பிழை நடக்கிறது. மொட்டாக இருப்பதிலோ அன்று பூத்ததிலோ வாயின் சாய்வு முழுதாக வந்திருக்காது. தும்பையில் பூக்கள் கணுவைச் சுற்றி வளையமாகக் கூடி நிற்கும்; உச்சி வளையத்தை விட்டு ஒன்றிரண்டு வளையம் கீழே வந்து, பூ உதிர்ந்து பச்சை மாறாமல் இருக்கும் குழலைத் தேர்ந்தெடுங்கள். காய்ந்து பழுப்பேறியதும் உதவும், பற்கள் மட்டும் ஒடிந்திருக்கக்கூடும்.

பறித்த பிறகு எது மேற்பக்கம், எது கீழ்ப்பக்கம் என்று தெரியாமல் போவது அடுத்த பிழை. தண்டை ஒட்டியிருக்கும் பக்கம் மேற்பக்கம். பறிக்கும் முன்பே அந்தப் பக்கத்தில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். அல்லது பக்கத்தில் பூ உதிராத ஒரு குழலை ஒப்பிட வைத்துக்கொள்ளுங்கள்; முக்காடு இருக்கும் பக்கம்தான் மேல்.

இனி குழலைக் கறுப்புத் துணியில் பக்கவாட்டில் கிடத்துங்கள். தும்பையின், அதாவது லூகஸ் ஆஸ்பெராவின் குழல் 8 முதல் 13 மில்லிமீட்டர் நீளம். நேராக இராது, லேசாக வளைந்திருக்கும். கொட்டைகள் இருக்கும் இடத்துக்குச் சற்று மேலே இடுப்பு போலச் சுருங்கும். கீழ்ப்பாதி மயிரில்லாமல் சவ்வு போல மெல்லியதாக வெளிறியிருக்கும். மேல்பாதியில் நரம்புகள் புடைத்து, கூர்மயிர் அடர்ந்திருக்கும். வாய் சிறியது, நன்றாகச் சாய்வானது. மேற்பக்கம் முன்னால் நீண்டு வந்திருக்கும், ஒரு குடுவையைக் கோணலாக வெட்டியது போல. பற்கள் குட்டையான முக்கோணம், நுனியில் ஒரு மயிர்முள். மேற்பக்கப் பல் மற்றவற்றைவிடப் பெரியது. வாய்க்குள்ளே எட்டிப் பார்த்தால் பஞ்சு மயிர் அடைத்திருக்காது.

பூவளையத்துக்கு அடியில் இருக்கும் பூவடிச் செதில்களையும் பாருங்கள். தும்பையில் அவை சுமார் 6 மில்லிமீட்டர் நீளமுள்ள ஊசிகள், நுனியில் முள், ஓரத்தில் நீண்ட மயிர். செடியைத் தொட்டால் சொரசொரப்பு கையில் தெரியும். பெயரில் இருக்கும் ஆஸ்பெரா இதுதான். இலை குறுகி நீண்டது, 8 சென்டிமீட்டர் வரை நீளம், அகலம் ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். காம்பு இல்லை என்றே சொல்லலாம். பூ சுமார் ஒரு சென்டிமீட்டர். செடி பெரும்பாலும் முழங்கால் உயரத்துக்குள் இருக்கும்.

பங்காளிகளைப் பிரிப்பது

லூகஸ் லாவண்டுலிஃபோலியா மிக நெருங்கிய போட்டி. இலை இன்னும் ஒடுங்கியது, புல்லிவாயின் மேற்பக்கமும் நன்றாக முன்னால் நீண்டிருக்கும். ஆகவே வாயை மட்டும் பார்த்தால் மாட்டிக்கொள்வீர்கள். மயிரையும் செதிலையும் சேர்த்துப் பாருங்கள். இதில் செடி மேல் குட்டையான மென்மயிர், சாம்பல் பூத்த தோற்றம், கையில் சொரசொரப்பு தட்டாது. பூவடிச் செதில்கள் குட்டையாக அடங்கிக் கிடக்கும், தும்பையைப் போல முள்மயிரோடு துருத்தாது.

லூகஸ் செஃபலோட்டஸ் தூரத்திலிருந்தே தெரியும். கிளை நுனியில் ஒற்றைப் பெரிய உருண்டை, பத்து ரூபாய் நாணயத்தை மறைக்கும் அளவுக்கு அல்லது அதற்கும் பெரிதாக இருக்கும். அதைச் சுற்றி அகன்ற, இலை போன்ற செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். புல்லிவாய்க்குள் மயிர் உண்டு. துரோணபுஷ்பி என்ற வடமொழிப் பெயரில் இதையும் சாதாரணத் தும்பையையும் ஒன்றாகச் சொல்லிவிடுகிறார்கள் என்பதை நாட்டுமருந்துக் கடையில் நினைவில் வையுங்கள்.

லூகஸ் மார்ட்டினிசென்சிஸ் நிமிர்ந்து வளரும், ஒரு மீட்டரை எட்டலாம். இலைக்குக் காம்பும் விளிம்பில் பற்களும் உண்டு, அகன்றது. தண்டில் பல கணுக்களில் இடைவெளி விட்டு உருண்டைகள் கோத்தது போலிருக்கும். பூ மிகச் சிறியது, புல்லிவட்டத்தை விட்டு வெளியே வரவே தயங்கும். பூக்காத செடி என்று நினைத்துக் கடந்துபோகிறவர்கள் உண்டு. அடையாளம் மேற்பக்கப் பல்: மற்றவற்றைத் தாண்டி நீண்டு முள்ளாக நிற்கும்.

லூகஸ் பைஃப்ளோராவில் வளையமே கிடையாது. புல்லோடு புல்லாகப் படர்ந்து, இலைக்கக்கத்தில் இரண்டு பூ வைக்கும். பெயருக்கும் அதுதான் பொருள்.

கண்ணை ஏமாற்றும் செடிகள்

பூங்காவில் புல்வெட்டி ஓடிய இடத்தில் தும்பை நாலு விரல் உயரத்திலேயே கிளைத்துப் பூத்துவிடும். அதைத் தனிக் குட்டை இனம் என்று எண்ணக்கூடாது. மரநிழலில் முளைத்த செடியில் இலை அகன்று, கணுவிடை நீண்டு, மயிரும் குறைந்திருக்கும். இலை அகலத்தையும் உயரத்தையும் கடைசியாக எடைபோடுங்கள். புல்லிவாயும் செதிலும் நிழலுக்கும் வெட்டுக்கும் அவ்வளவாக மாறாது. ஒரே செடியை வைத்து முடிவுக்கு வராமல் அக்கம்பக்கத்தில் ஐந்து செடிகளிலாவது புல்லிவாய் பாருங்கள். ஒரே சைட்டில் இரண்டு லூகஸ் கலந்து நிற்பது உண்டு.

படம் எடுப்பது

கைபேசிச் செயலிகளில் தும்பைப் படத்தை ஏற்றிப் பெயர் கேட்பவர்கள் அநேகமாக மேலிருந்து ஒரே ஒரு படம் எடுக்கிறார்கள். அதில் வெள்ளை உதடுகள்தான் தெரியும், புல்லிவாய் தெரியாது. அந்தப் படத்தைச் செயலிக்குக் கொடுத்தாலும் தாவரவியலாளருக்குக் கொடுத்தாலும் பயனில்லை. தேவையானவை ஐந்து: முழுச் செடி; ஒரு கணுவும் இலை ஜோடியும்; பூவளையம் பக்கவாட்டில், செதில் தெரியும்படி; ஒற்றைப் பூ பக்கவாட்டில்; புல்லிக்குழல் பக்கவாட்டில், அளவுகோலோ நாணயமோ அருகில்.

வெள்ளைப் பூ நடுப்பகல் வெயிலில் வெளுத்து, முக்காட்டு மயிரெல்லாம் ஒரே வெண்திட்டாக மறைந்துவிடும். காலை 7 மணியிலிருந்து 9 மணி வரை எடுங்கள், காற்றும் குறைவாக இருக்கும். முடியாவிட்டால் உங்கள் நிழலைச் செடி மேல் விழச் செய்யுங்கள். திரையில் பூவைத் தொட்டுக் குவித்து, வெளிச்ச அளவைக் கீழே இறக்குங்கள், பூவின் மயிர் தனித்தனியாகத் தெரியும் வரை. பின்னணிக்குக் கறுப்புத் துணியைப் பிடித்தால் குழலின் வளைவும் வாயின் சாய்வும் கச்சிதமாகப் பதியும். படத்தோடு தேதி, இடம், மண் ஈரமா பாறையா, சொரசொரப்பு உண்டா என்று நான்கு சொல் எழுதிவையுங்கள். தொட்டு அறிந்ததைப் படம் காட்டாது.

உறுதியாகத் தெரியும்வரை மருந்துக்கோ சமையலுக்கோ பறிக்காதீர்கள். தெரிந்த பிறகும் சாக்கடை ஓரத்துச் செடியும் களைக்கொல்லி அடித்த சைட்டுச் செடியும் வேண்டாம்.

பூ இல்லாத மாதங்களில்

பிப்ரவரிக்கு மேல் வறண்ட இடங்களில் செடி காய்ந்து பழுப்பு உருண்டைகளாக நிற்கும். அப்போதும் இனம் சொல்லலாம். உருண்டையிலிருந்து நான்கைந்து குழல்களைக் கழற்றி, பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் போடுங்கள். விறைப்புத் தளர்ந்து வாய் தன் வடிவுக்குத் திரும்பும். உலர்ந்ததை அப்படியே விரித்தால் விளிம்பு நொறுங்கிவிடும். ஊறவைக்காத வேறு சில குழல்களை வெள்ளைத் தாளில் தலைகீழாகத் தட்டுங்கள். பழுப்பு நிறத்தில் வழவழப்பான சிறு கொட்டைகள் விழும், ஒவ்வொன்றும் சுமார் 2.5 மில்லிமீட்டர், வெளிப்பக்கம் உருண்டு உட்பக்கம் கோணமாக. ஒரு குழலில் நான்குக்கு மேல் இருக்காது, உதிர்ந்துபோனதால் இரண்டோ ஒன்றோ மட்டும் மிஞ்சியிருக்கலாம். பார்த்து முடித்ததும் தாளை அதே இடத்தில் உதறிவிட்டு வாருங்கள், அடுத்த மழைக்கு முளைக்கும்.